காப்பிக் கூடையில் போன டேப்லெட்

அத்தியாயம் 17

மழை விட்ட மறுநாள் காலையில் ஏற்காட்டு மலைக் கிராமமான வாழவந்தி, எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்த பிள்ளையைப் போல் இருந்தது. மிளகுக் கொடிகளில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலைக் காற்றில் ஒரு சில்வர் ஓக் மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்ததில் ஊரில் கரண்ட் இல்லை. செல்போன் கோபுரமும் விடியும்வரை தாக்குப் பிடித்துவிட்டு ஓய்ந்துவிட்டது.

வெண்ணிலா பிள்ளையார் கோயிலுக்கு மார்கழிப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மணி ஒன்பது.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்கிறவர்களுக்காக இரண்டு வரி. காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மாதேஸ்வரனின் ஒரே மகள் வெண்ணிலா. பெங்களூரில் ஒரு விமானக் கம்பெனியில் வேலை. விமானம் ஓட்டும் வேலை இல்லை. பைலட்டுகள் கையில் வைத்திருக்கும் டேப்லெட்டுகளைக் காவல் காக்கும் வேலை. சேர்வராயன் கோயிலுக்கு அம்மா காளியாயி நேர்ந்திருந்த வேண்டுதலுக்காக ஒரு வாரம் ஊருக்கு வந்தவள், வேலையையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

நேற்று மாலை கரண்ட் போன நிமிஷத்தில் அவள் ஒரு வார்த்தை சொன்னாள். போன வாரம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"சார்ஜ் போச்சுன்னா என் வேலையும் போச்சும்மா."

சலிப்பில் வந்த வார்த்தை. சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவள் மறக்கவில்லை. அவள் தாய்.

வெண்ணிலா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மேசை காலியாக இருந்தது.

"அம்மா, மேச மேல இருந்த டேப்லெட் எங்க?"

காளியாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் அவளுக்கு.

"ஆபீசுக்குப் போயிருக்குது கண்ணு. சார்ஜுக்கு."

"எந்த ஆபீசுக்கு?"

"நம்ம எஸ்டேட்டு ஆபீசுக்குத்தான். உங்கப்பா கூடையில வெச்சு உட்டேன். கீழ வெச்சா நசுங்கிப் போகும்னு எல்லாத்துக்கும் மேலால வெச்சேன். என்ற புதுத் துண்டுல சுத்தி."

வெண்ணிலாவுக்குக் கூடை எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து பார்த்த கூடைதான்.

அந்த எஸ்டேட்டில் கரண்ட் போனால் ஒரு வழக்கம் உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் மூங்கில் கூடை ஒன்று தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வாசல் வாசலாகப் போகும். ஆளுக்கொரு போனைப் போடுவார்கள். ரைட்டர் அதை ஆபீசுக்குக் கொண்டுபோவார். பறிப்புக் காலத்தில் பழம் உரிக்கும் மெஷினுக்காக அங்கே ஜெனரேட்டர் ஓடும். மதியத்துக்குள் எல்லாப் போனும் வயிறு நிறைந்து திரும்பி வரும். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம்: ரப்பர் பேண்ட், வளையல், வாடிய பூச்சரம், பஸ் டிக்கெட்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கூடையிலிருந்து ஒரு போன்கூடக் காணாமல் போனதில்லை.

"அடையாளத்துக்கு என்ன வெச்ச?" என்று கேட்டாள் வெண்ணிலா. அதை ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பின்னால பொட்டு ஒட்டியிருக்கறேன். செவப்புப் பொட்டு."

வெண்ணிலா மறுபடி செருப்பை மாட்டினாள்.

"ஏங்கண்ணு, சாப்புட்டுட்டுப் போ."

அவள் பாதி மேட்டில் இருந்தாள்.

*

அந்த டேப்லெட்டில் அப்படி என்ன இருக்கிறது?

முன்பெல்லாம் பைலட்டுகள் கனத்த பெட்டியில் காகிதம் சுமப்பார்கள். எந்த ஊரில் ஓடுபாதை எவ்வளவு நீளம், எந்த மலை எவ்வளவு உயரம், இத்தனை பேரையும் இவ்வளவு மூட்டையையும் ஏற்றினால் எந்த வேகத்தில் தரையை விட்டு எழ வேண்டும் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும். இப்போது எல்லாம் டேப்லெட்டில் வந்துவிட்டது. இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிப்பார்கள். நாளை வியாழக்கிழமை விடிந்தால் புதியது நடைமுறைக்கு வர வேண்டும். அதைச் சோதனை டேப்லெட்டில் ஓட்டிப் பார்த்து, இன்று மூன்று மணிக்குள் வெண்ணிலா ஒப்புதல் கொடுத்தால், நூற்றுப்பத்துப் பைலட்டுகளின் டேப்லெட்டுகளுக்கும் போய்ச் சேரும்.

அதனால் அந்த டேப்லெட்டை முன்பின் தெரியாத எதிலும் செருகக் கூடாது என்பது சட்டம். ஒயரில் மின்சாரம் மட்டும் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேறு பலதும் போகும், வரும். எங்கோ ஓர் எண் மாறினால் போதும்.

சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே வெண்ணிலாதான். சொல்லிக் கொடுத்ததோடு நின்றவளும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், கேப்டன் பென்னி என்ற மூத்த பைலட் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் டாக்ஸி ஓட்டுநரின் ஒயரில் தன் டேப்லெட்டுக்குச் சார்ஜ் ஏற்றினார். வெண்ணிலா கண்டுபிடித்து அறிக்கை கொடுத்தாள். விசாரணை முடியும்வரை அவர் பறக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள்.

அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் மேலிடத்துக்கு அவள் மேல் மதிப்பு வந்தது. திங்கட்கிழமை ஒரு கூட்டம். அதில் அவளை அந்தப் பிரிவுக்கே தலைவியாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. காளியாயி வேண்டிக்கொண்டதும் அதற்காகத்தான்.

*

எஸ்டேட் ஆபீசில் நீள மேசை முழுக்கப் போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. வெளியே ஜெனரேட்டர் இரைந்தது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சங்கீதா தலையைத் தூக்கிச் சிரித்தாள். மாதேஸ்வரன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு மகளைப் பார்த்தார்.

"வா கண்ணு," என்றாள் சங்கீதா. "உங்கூட்டுப் பொருளு ஜம்முனு ஏறிட்டிருக்குது. ப்ளக்கெல்லாம் ரொம்பிப் போச்சு. ரைட்டர் ஊட்டுப் பொருள கடைசியா வெச்சா நல்லாவா இருக்கும்? அதான் கம்ப்யூட்டர்லயே சொருகிட்டேன்."

கம்ப்யூட்டரின் பக்கத்தில், புதுத் துண்டின் மேல், சிவப்புப் பொட்டு தெரியக் குப்புறப் படுத்திருந்தது டேப்லெட்.

வெண்ணிலா ஒயரைப் பிடுங்கினாள்.

அந்தக் கம்ப்யூட்டரை அவளுக்குத் தெரியும். மஞ்சக்குட்டை ஊர் வரைக்கும் உள்ளவர்கள் அதில் பென்டிரைவ் செருகியிருக்கிறார்கள். கல்யாண ஆல்பம், சாமி பாட்டு, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் என எதற்கும் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத கம்ப்யூட்டர் அது. சங்கீதாவைப் போலவே.

"அக்கா, சொருகும்போது ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சே. இந்தக் கம்ப்யூட்டர நம்பலாமான்னு கேட்டுச்சு, இங்கிலீசுல. நம்ம கம்ப்யூட்டர நாமளே நம்பலைன்னா வேற ஆரு நம்புவா? சரின்னு குடுத்துட்டேன்."

மாதேஸ்வரன் எழுந்து வந்தார். "ஏன் கண்ணு, தப்பாயிருச்சா?"

"ஒண்ணுமில்லீங்கப்பா," என்றாள் வெண்ணிலா. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். காப்பி காயப்போடும் களம் மழைக்குப் பிறகு காலியாகக் கிடந்தது. அதன் கட்டைச் சுவரில் உட்கார்ந்தாள்.

அறுபத்து நான்கு சதவீதம் ஏறியிருந்தது. எல்லாப் பக்கமும் சரியாகத் திறந்தன. சோதனைக் கணக்கு ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். சரியான விடை வந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது.

டேப்லெட்டுக்குப் பூட்டு இருந்திருந்தால் சங்கீதாவிடம் அந்தக் கேள்வியே வந்திருக்காது. நேற்று மதியம் அந்தப் பூட்டை எடுத்தவள் வெண்ணிலா. சோதனையின்போது அறுபது தடவை ரகசிய எண்ணைத் தட்ட வேண்டியிருந்தது. எரிச்சலாக இருந்தது. வேலை முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டாள். காற்று வந்தது, கரண்ட் போனது, பூட்டு மறந்துபோனது.

கேப்டன் பென்னி தன் பூட்டை எடுக்கவில்லை. ஒயரை மட்டும்தான் செருகினார்.

மணி பத்தரை. பதினொன்றரைக்கு ஏற்காடு போகும் பஸ் வரும். டவுனில் சிக்னல் இருக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. இந்த மலையில் நடந்தது பெங்களூருக்கு எப்படித் தெரியப் போகிறது? பூட்டைத் திரும்பப் போட ஒரு நிமிஷம் போதும்.

ஆண்டவன் சில சமயம் வேறு கேள்வித்தாள் எடுப்பதில்லை. நாம் அடுத்தவருக்கு வைத்த பரீட்சையையே நமக்கும் வைத்துவிடுகிறான்.

*

காளியாயி மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். கையில் தூக்குப்போசி.

"சாப்புடாம வந்துட்ட. பொங்கல் கொண்டாந்தேன். ஏஞ்சாமி, மூஞ்சி இப்புடி இருக்குது?"

வெண்ணிலா தூக்குப்போசியை வாங்கித் திறந்தாள். பிறகு சொன்னாள். ஒயரைப் பற்றியும் கம்ப்யூட்டரைப் பற்றியும் சொன்னாள். பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

"இப்ப அது கெட்டுப் போச்சா?"

"தெரியாதும்மா. பாத்தா நல்லாத்தான் இருக்குது. உள்ளுக்குள்ள ஏதாச்சும் ஏறியிருந்தா இப்பத் தெரியாது."

காளியாயி யோசித்தாள். "பாலுல உறை பட்ட மாதிரியா? பாத்தா பாலாத்தான் இருக்கும். காலையிலதான் தெரியும்."

"அதேதாம்மா."

"அந்தப் பால மத்த குண்டாவுல ஊத்தக் கூடாது."

வெண்ணிலா அம்மாவைப் பார்த்தாள். நூற்றுப்பத்துக் குண்டா, என்று நினைத்துக்கொண்டாள்.

மாதேஸ்வரனும் சங்கீதாவும் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி மறைக்க முடியாது என்று காளியாயியே போய் விஷயத்தைச் சொன்னாள். மூன்று பேருமாகக் களத்துக்கு வந்தார்கள்.

"எம்மேல எழுதிக் குடுத்துரு கண்ணு," என்றாள் காளியாயி. "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு எழுது. அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமில்ல," என்றார் மாதேஸ்வரன். "தூக்கிட்டு வந்தது நானு. ரைட்டர் கொண்டுபோனாருன்னு எழுதுனாத்தான் நம்புவாங்க."

"ஏனுங்க ரைட்டரே, சொருகுனது நானுங்க," என்றாள் சங்கீதா. "சரின்னு அமுக்குனதும் நானுங்க. உங்க ரெண்டு பேரையும் ஆரு கேட்டா?"

"ஏ சங்கீதா, நீ கம்முனு இரு. எங்கூட்டு விசயம்," என்றாள் காளியாயி.

"பொட்டு உங்களுது, ஒயரு என்னுதுங்கக்கா. அதெப்புடி உங்கூட்டு விசயமாவும்?"

வெண்ணிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. குற்றத்தை அடுத்தவர் தலையில் போடச் சண்டை போடுவார்கள், பார்த்திருக்கிறாள். தன் தலையில் போட்டுக்கொள்ளச் சண்டை போடுகிறவர்களை இன்றுதான் பார்க்கிறாள்.

காளியாயி திடீரென்று கேட்டாள். "போன வாரம் சொன்னியே, ஒரு பைலட்டு சாரு. அவரும் இப்புடித்தான் மாட்டிக்கிட்டாரு, இல்ல?"

"ஆமாம்மா."

"அந்த டாக்சிக்காரரு பாவம். நல்லதுக்குத்தான ஒயரு குடுத்திருப்பாரு."

வெண்ணிலா கையிலிருந்த பொங்கல் அப்படியே நின்றது.

கேப்டன் பென்னி எழுதிக் கொடுத்த விளக்கம் அவள் கண்முன் வந்தது. ஒரு பக்கம் இருக்கும். நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'சார்ஜ் குறைந்திருப்பதைப் பார்த்து, ஓட்டுநர் உதவும் எண்ணத்தில் தாமாகவே தம் ஒயரை நீட்டினார்; அவர் மேல் தவறில்லை.'

அறிக்கையில் சேர்க்கும்போது அந்த வரியை வெண்ணிலா அடித்துவிட்டாள். ஓரத்தில் 'தேவையற்றது' என்று குறித்தாள். சாக்குச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தாள்.

எதிரில் மூன்று பேர் நின்றார்கள். புதுத் துண்டில் சுற்றியவள், நசுங்காமல் சுமந்து வந்தவர், கடைசியில் வைக்க மனம் வராதவள். இவர்களை அறிக்கையில் எப்படி எழுதுவது? அடையாளம் தெரியாத நபர்கள் என்றா?

அவள் தூக்குப்போசியை மூடினாள்.

"யாரு பேரும் வேண்டாங்க," என்றாள். "பூட்ட எடுத்தது நானு."

"எந்தப் பூட்டு?" என்றார் மாதேஸ்வரன்.

சொன்னாள். இந்த முறை எதையும் விடவில்லை. அறுபது தடவை தட்ட வேண்டியிருந்ததையும், எரிச்சல்பட்டதையும், ஒன்றுமில்லீங்கப்பா என்று பொய் சொன்னதையும்கூட.

மாதேஸ்வரன் சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். "செல்லு வேல செய்யாது. ஆபீசு ரூமுல லேண்ட்லைன் இருக்குது. அதுக்குக் கரண்டு வேண்டியதில்ல. வா."

*

பெங்களூரில் மூன்றாவது மணியடிப்பில் போனை எடுத்தார்கள்.

"ட்யூட்டி டெஸ்க். பென்னி பேசறேன்."

வெண்ணிலா ரிசீவரை இறுகப் பிடித்தாள். பறக்கக் கூடாது என்று நிறுத்தியவரை எங்கே உட்கார வைத்திருப்பார்கள் என்று அவள் யோசித்தே பார்க்கவில்லை. அவர் அங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணமே அவள்தான். வைத்துவிட்டுப் பிறகு கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"ஹலோ. யாருங்க?"

"சார், நான் வெண்ணிலா பேசறேன். ஏற்காட்டுலருந்து."

"சொல்லுங்கம்மா."

வாசலில் மூன்று பேர் மூச்சு விடாமல் நின்றார்கள். ஜெனரேட்டர் சத்தத்தில் அவள் உரக்கப் பேச வேண்டியிருந்தது. ரகசியமாகச் சொல்லலாம் என்றால்கூட வழியில்லை.

"சார், சோதனை டேப்லெட்ட வெளிக் கம்ப்யூட்டர்ல செருகிட்டாங்க. அதுக்கு அனுமதியும் குடுத்திருக்கு. காலையில ஒம்பதிலிருந்து பத்து மணி வரைக்கும்னு நினைக்கறேன். பூட்டு இல்ல. பூட்ட எடுத்தது நான்தான் சார். நேத்து மதியம்."

"அதுலேருந்து ஒப்புதல் எதுவும் கொடுத்தீங்களா?"

"இல்லீங்க சார்."

"இல்லைல்ல?"

"இல்லீங்க சார். மூணு மணிக்குக் குடுக்கறதா இருந்தது."

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "நல்லதும்மா. அது போதும். இங்க இருக்கற வேற டேப்லெட்ல சோதிச்சு அனுப்பச் சொல்றேன். ரெண்டு மணி நேரம் லேட்டாகும். ஆகட்டும். உங்க லாகின் கணக்கை இப்பவே மூடச் சொல்லிடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்லீங்க சார். அதுதானுங்க முறை."

"டேப்லெட்ட அணைச்சு வையுங்க. எதையும் அழிக்க வேண்டாம், துடைக்க வேண்டாம். எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

"சார், பின்னால ஒரு பொட்டு ஒட்டியிருக்கு."

"என்ன பொட்டு?"

"எங்கம்மா பொட்டுங்க. மாறிப் போகாம இருக்க ஒட்டுனாங்க."

மறுமுனையில் ஏதோ சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. "இருக்கட்டும். ஆதாரத்துல கை வைக்கக் கூடாது."

வெண்ணிலாவுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"சார், திங்கட்கிழமைக் கூட்டத்துல இதையும் வெக்கணும். நானே எழுதிக் குடுத்துடறேன். இன்னொண்ணு. உங்க விளக்கத்துல கடைசி வரிய நான் அடிச்சுட்டேன்."

"தெரியும்."

"ஏன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே சார்."

"கேட்டிருக்கலாம். நான் செஞ்சது தப்பு, நீங்க எழுதினது சரி. அதுல எனக்கு வருத்தமில்ல." அவர் குரல் மெதுவாயிற்று. "ஆனா அந்த வரிய நான் எனக்காக எழுதலம்மா."

ஜெனரேட்டர் நின்றது. ஆபீசில் சட்டென்று அமைதி. போன்களில் ஒன்று தானாக ஒரு பக்திப் பாட்டைத் தொடங்கியது. சங்கீதா ஓடிப்போய் நிறுத்தினாள்.

"சனிக்கிழமை நானே வந்து டேப்லெட்ட வாங்கிக்கறேன்," என்றார் பென்னி. "கம்பெனி ஆள் ஒருத்தர் வந்துதான் ஆகணும். எனக்குத்தான் இப்ப வேற வேலை இல்லையே."

"சேலம் ரோட்டுல மரம் கிடக்குதாம் சார். குப்பனூர் வழியா வாங்க. அதுவும் நல்ல வளைவுதான்."

"ஆகாயத்துல எங்க வேணும்னாலும் ஓட்டுவேன். மலை ரோடு எனக்கு ஆகாது. ராஜ்குமார்னு ஒருத்தர் ஓட்டிக்கிட்டு வருவார். உங்களுக்குத் தெரிஞ்சவர்தான்."

"எனக்கா? எனக்கு அப்படி யாரையும் தெரியாதுங்களே சார்."

"பாத்திருக்க மாட்டீங்க. உங்க அறிக்கைல 'டாக்ஸி ஓட்டுநர்'னு இருக்கே, அவர்தான். அறிக்கை போனதுக்கப்புறம் கம்பெனி சவாரிக்கு அவரக் கூப்பிடறதில்ல. மூணு வாரமாச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் வெண்ணிலாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "சரி, வைக்கறேன். வேலை இருக்கு. அம்மா கிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க."

*

மதியம் கூடை திரும்பிப் புறப்பட்டது. போன்கள் வயிறு நிறைந்து, பூச்சரமும் வளையலுமாக வீடு போயின. டேப்லெட் மட்டும் அதில் ஏறவில்லை. மாதேஸ்வரன் அதைத் துண்டோடு ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை மகள் கையில் கொடுத்தார்.

"திங்கக்கிழம என்ன ஆகும் கண்ணு?"

"தெரியலீங்கப்பா. அந்த வேல கெடைக்காமப் போகலாம். இருக்கற வேலைக்கே கேள்வி வரலாம்."

"ம்," என்றார் அவர். சிறிது தூரம் போய்த் திரும்பி, "பசிக்குதா?" என்று கேட்டார். "காலையிலருந்து இப்பத்தான் உன்ற மூஞ்சி தெளிஞ்சிருக்குது."

உண்மைதான். அவளுக்கு நன்றாகப் பசித்தது.

வெண்ணிலா சங்கீதாவிடம் வெள்ளைத் தாள் வாங்கி, கையால் எழுத உட்கார்ந்தாள். தன் தவறை எழுதுவதற்கு முன், அடித்துவிட்ட அந்த வரியை முதலில் எழுதினாள். எழுத்துப் பிசகாமல் மனதில் இருந்தது. அதன் கீழே எழுதினாள்: 'என் தாயும் தந்தையும் எஸ்டேட் ஊழியர் சங்கீதாவும் உதவும் எண்ணத்தில் செய்தார்கள், அவர்கள் மேல் தவறில்லை.'

இரண்டு வரிகளும் அக்காள் தங்கை போல இருந்தன.

காளியாயி எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் கவலை வேறு. பைலட்டு வீட்டுக்கு வருகிறார் என்பது ஊருக்குள் எட்டுவதற்குள் அவள் மனதில் இலை போட்டுவிட்டாள்.

"அவரு களி திம்பாரா? சோறே ஆக்கிரட்டுமா? கோழி அடிச்சா சனிக்கெழமன்னு உங்கப்பா முணுமுணுப்பாரு."

"எதுனாலும் செய்யும்மா."

"எதுனாலும்னா? எத்தன பேரு வராங்க?"

"ரெண்டு பேரு."

"ஒருத்தரு பைலட்டு சாரு. இன்னொருத்தரு?"

வெண்ணிலாவின் பேனா நின்றது. தாளில், முதல் வரியில், 'ஓட்டுநர்' என்ற சொல்லின் மேல் நின்றது. அவருக்கு ஒரு வீடு இருக்கும். வீட்டில் யார் யார் இருப்பார்கள்? மூன்று வாரமாக அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள்? சனிக்கிழமை அந்த மனிதர் இந்த மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது, அவரிடம் முதலில் என்ன சொல்வது?

"ஏங்கண்ணு, ஆருன்னு கேட்டேன்."

வெண்ணிலா அந்தச் சொல்லுக்கு மேலே, இடுக்கில், ஒரு பெயரை எழுதிச் சேர்த்தாள். பிறகு அதை வாய்விட்டுச் சொன்னாள்.

"ராஜ்குமார்."